பழைய காருக்கு நியாய விலை

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமையைப் பற்றிப் பேசுங்கால் கன்னக்கோலும் பூட்டுடைப்புமே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வகைத் திருட்டு நம் குடும்பங்களில் இல்லை. ஆதலின் இவ்விரதம் நமக்கு எளிதில் கைகூடிவிட்டது என்று கருதி அடுத்ததற்குப் போய்விடுகிறோம். ஆனால் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்தவையும், அந்நூலின் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு எடுத்துரைப்பவையுமாகிய அதிசாரங்களை, அதாவது விரதத்திற்குக் கறை சேர்க்கும் குற்றங்களை, ஒருமுறை எண்ணிப் பார்த்தால் இந்த நிம்மதி நிலைப்பதில்லை. கள்வனை ஏவுதல், களவுப் பொருளைப் பெறுதல், அரசின் விதியை மீறுதல், தாழ்ந்த சரக்கை உயர்ந்ததோடு கலத்தல், அளவையிலும் நிறையிலும் ஏறக்குறையச் செய்தல் என்பன அவை. இவற்றுள் பிற்கூறிய இரண்டும் நள்ளிரவில் நிகழ்வன அல்ல. பட்டப்பகலில், கடைத்தெருவில், இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே நிகழ்வன.

இதனை நாம் நூலிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பழைய காரை வாங்கப் போன இடத்தில்தான் இது நமக்கு உறைத்தது.

பணியின் பொருட்டுத் தெற்கே வந்து இராசபாளையத்திலேயே தங்கிவிட்டவர் நாம். வந்தவாசி, ஆரணிப் பக்கத்து உறவினர் எவர் வந்தாலும் கழுகுமலைக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்பர். அங்குப் பாறையில் செதுக்கப்பட்டுள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் காணாமல் அவர்கள் ஊர் திரும்புவதில்லை. மூத்தவர்களைப் பேருந்தில் ஏற்றி இறக்குவது ஆண்டுதோறும் கடினமாகி வந்தது. எனவே 2025ஆம் ஆண்டுக் கார்த்திகையில், சிறியதொரு பழைய கார் கிடைத்தால் வாங்கலாம் என்று நண்பர்களிடம் சொல்லி வைத்திருந்தோம். வ. புதுப்பட்டியில் ஒன்று நிற்பதாகச் செய்தி வந்தது.

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் கடந்து, கிருஷ்ணன்கோவிலில் மதுரைச் சாலையை விட்டுப் பிரிந்தால் வத்திராயிருப்பும் அதனை அடுத்து வ. புதுப்பட்டியும் வரும். புதுப்பட்டிகள் பல உள்ள நாட்டில் இவ்வூர் வத்திராயிருப்பின் முதலெழுத்தைத் தன் பெயரோடு சுமந்து நிற்கிறது. மலையடிவாரம், பிளவக்கல் அணைகளின் தண்ணீர், நெல், தென்னை. அத்தகைய தென்னந்தோப்பு ஒன்றின் ஓரத்தில் ஓலைச் சார்ப்பின் கீழ் அந்தக் கார் நின்றது. வாங்கியவர் 2024ஆம் ஆண்டு காலமாகிவிட்டார். அவர்தம் மனைவிக்கு ஓட்டத் தெரியாது. பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர். பதினான்கு மாதங்களாக வண்டி அசையவில்லை. காப்புறுதி முடிந்திருந்தது. மீட்டர் 41,000 கிலோமீட்டர் காட்டியது. 2018ஆம் ஆண்டுப் பதிவு, ஒரே உரிமையாளர், சர்வீஸ் சீட்டுகள் யாவும் ஒரு மஞ்சள் பையில் வரிசையாக இருந்தன. இறந்தவர் ஒழுங்கானவர் என்பது அந்தப் பையைக் கண்டதுமே தெரிந்தது.

விலை கேட்டோம். தரகர் ஒருவர் வந்து பார்த்து ஒன்று நாற்பதுக்குப் போகும் என்று சொல்லியிருக்கிறாராம். அதையே அந்த அம்மையார் சொன்னார். நாமோ, பேரம் என்பது பிறவிப் பழக்கம் ஆகிவிட்டமையால், ஒரு கணமும் எண்ணாமல் ஐயாயிரம் குறைத்துக் கேட்டோம். அவர் சற்று நேரம் வாளாவிருந்துவிட்டு, "அண்ணாச்சி நாலு இடம் பார்த்து வாங்குறவங்க. விலை தப்பா இருந்தா நீங்களே சொல்ல மாட்டீங்களா, சரி எடுத்துக்கோங்க" என்றார். 1,35,000 ரூபாய்க்கு முடிந்தது. பத்தாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

வீட்டிற்கு வந்தபின்தான் கணக்குப் போட்டோம் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. தோப்பில் நிற்கும்போதே மனக்கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. தாளில் எழுதியது மட்டுமே இரவில்.

பழைய காருக்கு விலை காண்பது எப்படி என்பதை இவ்விடத்தில் சற்று விரித்துக் கூறுதல் பலர்க்கும் பயன்படும். விற்பவர் பெரும்பாலும் தாம் அன்று போட்ட பணத்திலிருந்து தொடங்குவர். அது தவறான தொடக்கம். சாலை வரி, பதிவுக் கட்டணம், முதலாண்டுக் காப்புறுதி ஆகியன சேர்ந்ததே நாம் அன்று கொடுத்த தொகை, அவை செலவழிந்துவிட்டவை. இன்று அதே வகைப் புதிய கார் ஷோரூமில் என்ன விலை என்பதே தொடங்குமிடம். காப்புறுதி நிறுவனங்களும் அவ்வாறே செய்கின்றன. தயாரிப்பாளர் அறிவித்த விலையில் ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, ஈராண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 விழுக்காடு தேய்மானம் என்று கழிப்பது அவர்கள் பட்டியல். ஐந்தாண்டுக்கு மேற்பட்டால் இரு தரப்பும் பேசி உடன்பட வேண்டியதுதான். அங்குப் பட்டியல் கைவிட்டுவிடுகிறது. மனச்சான்றின் எல்லை தொடங்குகிறது.

நாம் பார்த்த வகைக் காரின் இன்றைய புதிய விலை ஏறத்தாழ ஆறு லட்சம். ஐந்தாண்டுக்குப் பாதி போக 3,00,000. ஆறாம் ஆண்டிற்கு எஞ்சியதில் பத்தில் ஒன்று கழிக்க 2,70,000. ஏழாம் ஆண்டிற்கு மீண்டும் அவ்வாறே கழிக்க 2,43,000. டயர்கள் தேயவில்லை எனினும் ஏழாண்டில் ரப்பர் இறுகிவிடும். நான்கும் மாற்ற 16,000. பேட்டரிக்கும் முதல் சர்வீசுக்கும் 7,000. குறைவாக ஓடியது கூட்டவேண்டிய சிறப்பு. நெடுநாள் ஓடாமல் நின்றது கழிக்கவேண்டிய குறை. இரண்டையும் நேருக்கு நேராக விட்டுவிட்டோம். நின்றது 2,20,000. ஊரில் விசாரித்தபோதும் விற்பனையாளர் இருவர் இதனையொட்டியே கூறினர்.

புதிய விலையிலிருந்து தொடங்குவது அந்த அம்மையாருக்குப் பாதகம் அன்றோ என்று கேட்கலாம். ஒருவகையில் ஆம். 2018இல் அவர் கணவர் அந்தச் சிறிய பெட்ரோல் காருக்கு 28 விழுக்காடு சரக்கு சேவை வரியும் 1 விழுக்காடு மேல்வரியும் செலுத்தியிருந்தார். 2025 செப்டம்பர் 22 முதல் அவ்வகைக் கார்களுக்கு வரி 18 விழுக்காடாயிற்று. புதியதன் விலை இறங்கியதும் தோப்பில் அசையாமல் நின்ற பழையதன் மதிப்பும் தானே இறங்கிவிட்டது. இதில் எவர் மீதும் குற்றமில்லை. இதற்கு நேர்மாறும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் அரசு விலை நிர்ணயித்து, பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில், கையில் கிடைக்கும் பழைய கார் புதியதன் நிர்ணய விலையை மிஞ்சி விற்றது. காலம் கூட்டுவதையும் குறைப்பதையும் அந்தந்த நாளில் நிற்பவர் ஏற்றுக்கொள்ள வேண்டியதே. ஆனால் 2,20,000க்கும் 1,35,000க்கும் இடைப்பட்ட தொகை காலம் குறைத்ததன்று. நாம் அறிந்ததை அவர் அறியாமையால் குறைந்தது.

கணக்கைத் துணைவியாரிடம் காட்டினோம், சற்றுப் பெருமிதத்தோடுதான். அவர் தாளைப் படித்துவிட்டு, "அப்போ அந்தம்மா நமக்கு எண்பத்தையாயிரம் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

குத்திக் காட்டுவதற்காக அவர் அப்படிக் கேட்கவில்லை. கணக்குப் புரியாமல்தான் கேட்டார். ஆயினும் அந்தச் சொல் நம்மை உறங்கவிடவில்லை. சமண நூல்கள் களவைக் கொடுக்கப்படாத பொருளைக் கொள்ளுதல் என்றே விளக்குகின்றன. பூட்டு, இருட்டு, ஆயுதம் எதுவும் அவ்விளக்கத்தில் இடம்பெறவில்லை. கேள்வி ஒன்றுதான்: கொடுத்தாரா? அந்த அம்மையார் காரைக் கொடுத்தார். ஒன்று முப்பத்தைந்தை வாங்கினார். எஞ்சிய எண்பத்தையாயிரம் தம்மிடம் இருந்ததே அவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை ஒருவர் எப்படிக் கொடுக்க முடியும்?

விற்பவர் மறைக்கும்போது இக்கேள்வி நமக்கு எளிதில் விளங்குகிறது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. நீரில் மூழ்கிய கார் ஒன்றைக் கழுவித் துடைத்து, இருக்கை உறையை மாற்றி, வெள்ளத்தைப் பற்றி வாய்திறவாமல் ஒருவர் விற்றால், வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி அந்த மறைப்புக்காகப் பெறப்பட்டது என்பதில் நம்மில் எவருக்கும் ஐயமில்லை. மீட்டரைப் பின்னோக்கித் திருப்பி வைப்பது கள்ள மரக்காலின் இன்றைய வடிவம் என்பதும் சொல்லாமலே விளங்கும். ஆனால் அறிந்தவன் வாங்குபவனாகவும் அறியாதவர் விற்பவராகவும் அமைந்துவிட்டால் மட்டும், அதனை நாம் சாமர்த்தியம் என்கிறோம். நல்ல விலைக்கு முடித்தேன் என்று உறவினரிடம் சொல்லிக்கொள்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தோம். தப்பிக்கும் வழி தேடித்தான் பார்த்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், விலை போதாது என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்கிறது. ஆயிரம் ரூபாய் பெறும் குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்றாலும், மனமொப்பிச் செய்திருந்தால் அது செல்லும் என்று எடுத்துக்காட்டும் தருகிறது. வஞ்சனையைப் பற்றிய 17ஆம் பிரிவிலும் குதிரைதான் வருகிறது. குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவன் வாய் மூடியிருந்தால் அது வஞ்சனை ஆகாது. வாங்குபவள் அப்போதுதான் வயது வந்த அவன் மகளாயிருந்தால், அந்த உறவின் காரணமாகவே குறையைச் சொல்லக் கடமைப்பட்டவன். இவ்வளவில் நமக்குச் சிறிது ஆறுதலாகவே இருந்தது. மூன்றாவது எடுத்துக்காட்டு வந்தது. நீ மறுக்காவிட்டால் குதிரை குறையற்றது என்றே எடுத்துக்கொள்வேன் என்று வாங்குபவன் கூற, விற்பவன் பேசாதிருந்தால், அந்த மௌனமே பேச்சுக்கு ஒப்பாகும் என்கிறது சட்டம்.

அந்த அம்மையார் தோப்பில் கூறியதை வாசகர்கள் மேலே படித்திருப்பீர்கள். விலை தப்பென்றால் நீங்களே சொல்ல மாட்டீர்களா என்றார். நாம் பேசாதிருந்தோம். வழக்கறிஞர் எவரும் இதனைக் கொண்டு ஒப்பந்தத்தை உடைத்துவிட முடியாது என்பது நமக்குத் தெரியும். அது குறையைப் பற்றிய எடுத்துக்காட்டு, விலையைப் பற்றியதன்று. ஆயினும் அந்தக் குதிரை அன்றிரவு நம் வீட்டு வாசலில்தான் நின்றது.

உலகில் இவ்வினா மிகப் பழையது. கி.மு. 44இல் உரோமர் சிசரோ தம் மகனுக்குக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வழக்கை எடுத்துப் பேசுகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒரு வணிகன் வருகிறான். பின்னால் வேறு கப்பல்களும் வருகின்றன என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். அதனை அவ்வூரார்க்குச் சொல்ல வேண்டுமா? பாபிலோனிய டயோஜினிஸ் என்னும் அறிஞர், சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், மற்றதைச் சொல்லாமை மறைத்தலாகாது என்றார். அவர் மாணவர் ஆன்டிபேட்டர், விற்பவன் அறிந்தது எதையும் வாங்குபவன் அறியாதிருக்கலாகாது என்றார். சிசரோ மாணவரின் பக்கமே சாய்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதே வழக்கை எடுத்து, சொல்வது மேலான அறம், சொல்லாமை நீதிக்கு மாறன்று என்று நடுவழி கண்டார்.

நம்மைத் தைத்தது சிசரோ அந்நூலில் இரண்டு வரியில் சொல்லிச் செல்லும் வேறொரு செய்தி. ஸ்கேவோலா என்பவர் ஒரு நிலத்தை வாங்கச் சென்று, ஒரே விலையாகச் சொல்லுமாறு கேட்டார். விற்பவர் சொன்னார். இந்நிலம் அதனினும் மிகுதி பெறும் என்று கூறி, ஸ்கேவோலா ஒரு லட்சம் செஸ்டர்ஸ் நாணயம் கூட்டிக் கொடுத்தாராம். இவர் நல்லவர் என்பதை எவரும் மறுக்கவில்லை. அறிவுடையவர் என்று மட்டும் ஒப்பவில்லை என்று சிசரோ எழுதுகிறார். இரண்டாயிரம் ஆண்டு கழித்து இராசபாளையத்தில் நம் நண்பர்களும் அதையே சொன்னார்கள்.

அவர்கள் சொன்னதில் ஒன்றைத் தள்ளிவிட இயலவில்லை. தரகர் சொன்ன விலை வெறும் ஏமாற்று என்று எப்படி முடிவு செய்வது என்று ஒருவர் கேட்டார். முன்பின் தெரியாத ஒருவர் ஓராண்டுக்கு மேல் நின்ற வண்டியை வாங்கும்போது, உள்ளே என்ன கெட்டிருக்கிறதோ என்ற அச்சத்திற்கும் விலை குறைத்துத்தானே கேட்பார்? இது நியாயமான வாதம். ஜார்ஜ் அக்கர்லாப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970இல் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதிய ஆய்வுரையின் உட்பொருளும் இதுவே. எந்தக் கார் நல்லது என்று விற்பவருக்கே தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காரையும் ஐயுற்றே விலை கேட்கிறார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மனமின்றி விலகுகிறார். சந்தையில் எஞ்சுபவை கெட்டவையே. இக்கருத்துக்காக 2001இல் அவர் வேறிருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வெள்ளத்தில் மூழ்கியதை மறைத்து விற்றவர்கள் வாங்கியவர்களை மட்டும் ஏமாற்றவில்லை. மஞ்சள் பையில் சர்வீஸ் சீட்டுகளை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த ஒருவரின் குடும்பத்திற்கும் விலையைக் குறைத்துவிட்டார்கள்.

ஆனால் இவ்வாதம் தரகருக்கு உதவலாம், நமக்கு உதவாது. நமக்கு அந்த அச்சம் இல்லை. சீட்டுகளைப் படித்தோம். நம்முடன் வந்த மெக்கானிக் என்ஜினைத் திருப்பிப் பார்த்து, ஆயிலைத் தொட்டுப் பார்த்து, நம் காதோடு "விட்டுராதீங்க சார்" என்றார். அறியாதவன் கேட்கும் தள்ளுபடியை அறிந்தவன் வாங்கிக்கொள்வது எப்படி நியாயமாகும்?

இருவரும் மனமொப்பி முடித்த விலையை மறுபடி தோண்டுவானேன் என்பார்க்கு, ஸ்ரீமத் இராஜசந்திரரைப் பற்றி நம்மவரிடையே வழங்கும் செய்தியை நினைவூட்டலாம். பம்பாயில் நவமணி வணிகம் செய்த அப்பெரியார் (1867-1901) காந்தியடிகள் போற்றிய ஆன்மிக வழிகாட்டி. அவரோடு விலை பேசி எழுதிக் கொடுத்த வணிகர் ஒருவர், சந்தை விலை ஏறிவிட்டமையால் சொன்னபடி கொடுத்தால் குடும்பமே அழியும் நிலைக்கு வந்தாராம். இராஜசந்திரர் அந்தப் பத்திரத்தை வாங்கிக் கிழித்துப் போட்டார் என்பர். அங்கு எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. விலை ஏறியது தற்செயல். அப்படியிருந்தும் அவர் அதைக் கொள்ளவில்லை. நம் நிலையோ அதனினும் தாழ்ந்தது.

இலங்கையில் இன்றும் வழங்கும் உரோம-டச்சுச் சட்டத்தில், உண்மை மதிப்பில் பாதிக்கும் குறைவாக விற்றவர் விற்பனையை நீக்கிக்கொள்ளலாம் என்றொரு விதி உண்டு. நம் விலையை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பாதிக்குச் சற்று மேலேதான் இருந்தது. அவ்வளவில் ஆறுதலடைய முயன்றோம் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு மீண்டும் வ. புதுப்பட்டிக்குச் சென்றோம். கூட்டித் தருகிறோம் என்று சொன்னால் மகிழ்வர் என்று எதிர்பார்த்திருந்தோம். நடந்தது வேறு. அம்மையாரின் கொழுந்தனார் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். வாங்குபவர் தாமாக வந்து விலையை ஏற்றுவதை அவர் கண்டதில்லை. காரில் தங்களுக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் அவருக்கு. டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் பார்த்தார். வத்திராயிருப்பிலிருந்து தமக்குத் தெரிந்த மெக்கானிக்கை வரவழைத்தார். நாம் திண்ணையில் மோர் அருந்திக்கொண்டு காத்திருந்தோம். அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் நாம் பேசாமல் இருந்தோம். இரண்டாம் நாள் பேசுகிறோம். இரண்டில் எது பொய் என்று அவர் ஐயுற்றது முறைதான்.

முடிவில் கணக்குத் தாளையே அவர்கள் முன் விரித்தோம். இன்றைய புதிய விலை, ஆண்டுக் கழிவு, டயர், பேட்டரி என்று வரிவரியாகப் படித்துக் காட்டினோம். அம்மையார் டயருக்குக் கழித்ததை மட்டும் ஒப்பவில்லை. ஊரில் 14,000க்கே முடியும் என்றார். விசாரித்தால் அதுவும் உண்மையாகவே இருந்தது. நாம் நெடுநாள் நின்ற வண்டியின் ஐயப்பாட்டுக்கென்று 15,000 கழிக்கக் கேட்டோம். முன்பு நேருக்கு நேராக விட்டதை இப்போது தனியே கழிக்கிறோமே என்று நமக்குள்ளே ஒரு குரல் எழாமல் இல்லை. டயருக்காக 2,000 கூட்டி, ஐயத்திற்காக 15,000 கழித்து, 2,07,000க்கு முடிந்தது. தாளை அவர் வாங்கி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்.

தொகையோடு விலை முடிந்துவிடுவதில்லை என்பதும் அப்போது தெரிந்தது. உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு முதலில் படிவம் 31 கொடுத்துத் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதன் பின்னரே 29, 30ஆம் படிவங்களில் விற்பனை. பலர் வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு, பெயரை மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். விபத்து நேர்ந்தால், பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன்குமார் வழக்கில் உறுதிப்படுத்தியுள்ளது. விற்று மூன்றாண்டு கழிந்தபின், கண்ணில் காணாத காருக்காக வ. புதுப்பட்டியில் ஒரு குடும்பத்தின் வாசலில் இழப்பீட்டு நோட்டீஸ் வந்து நிற்பதும் நாம் கொடுக்கும் விலையில் குறைவு வைப்பதே அன்றோ. வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் போக்குவரத்து அலுவலகத்திற்கும் நான்கு முறை நடந்தோம். நடந்தது நம் நேரம். எனவே அதற்குக் கழிவு கேட்கவில்லை.

கார் இப்போது நம் வீட்டில் நிற்கிறது. கழுகுமலைக்கு இருமுறை சென்று வந்துவிட்டது. நெடுநாள் நின்றதால் வந்த பழுதென்று பார்த்தால், தோப்பு எலி கடித்த ஒயர்களும் பெட்ரோல் டேங்கைக் கழுவியதும்தான். 6,400 ரூபாய் ஆயிற்று. கழித்துக்கொண்ட பதினையாயிரத்தில் மீதி 8,600. ஐயத்துக்கென்று கழித்தது ஐயம் தீர்ந்தபின் யாருடையது என்று துணைவியார் கேட்கிறார். பழுது முப்பதாயிரம் ஆகியிருந்தால் அந்த அம்மையாரிடம் போய்க் கேட்டிருப்போமா என்று நாம் கேட்கிறோம். அதற்கு அவரிடம் விடையில்லை. அவர் கேட்டதற்கு நம்மிடமும் இல்லை. தைக்கு முன் வத்திராயிருப்புப் பக்கம் போக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பணத்தை ஓர் உறையில் இட்டுக் காரின் முன்பெட்டியில் வைத்திருக்கிறோம்.